லேப்டாப் ரொம்பச் சூடாகிறது. ஆறு ஃபேன் வைத்த கூலிங் பேட் வாங்கலாமா?

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: இரண்டு வருடப் பழைய கேமிங் லேப்டாப், அறையில் ஏசி கிடையாது, அரை மணி நேரம் விளையாடினால் கீபோர்டின் மேல்பகுதியில் விரல் வைக்க முடியவில்லை, கடைக்காரர் லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஆறு ஃபேன் கொண்ட பேட் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

காசு கொடுப்பதற்கு முன் லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பேட் அநேகமாக வீண்தான். நான் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன்.

எனக்கு வேலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. சித்திரை, வைகாசியில் முகூர்த்தங்கள் குவியும். மே 4 வாக்கில் கத்திரியும் தொடங்கிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. மதியம் இரண்டு மணிக்குச் சுவரைத் தொட்டாலே சுடும். அந்த நேரத்தில் மூன்று மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை ஒரே கோப்பாக மாற்ற விட்டால், முதல் இருபது நிமிடம் வேகமாக ஓடும், பிறகு நத்தை மாதிரி நகரும். பிராசசர் 97, 98 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பது சூட்டை எண்ணில் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உடனே ஐந்து ஃபேன், நீல விளக்கு எல்லாம் வைத்த பேட் ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டே டிகிரிதான் குறைந்தது.

காரணம், என் லேப்டாப்பின் காற்றுத் துளைகள் திரைக் கீலை ஒட்டி இரண்டு பட்டைகளாக இருந்தன. பேடின் ஃபேன்களோ நடுவில், பேட்டரிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தன. வெறும் பிளாஸ்டிக் மேல் காற்று அடித்து என்ன பயன்? இன்னொன்றும் கவனித்தேன். அடியில் இருக்கும் துளைகள் எல்லாமே நிஜத் துளைகள் அல்ல. டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி வரிசை அழகுக்காகப் போட்ட கோடுகள் என்று தெரியும். இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் லேப்டாப்பில் விளையாட்டை ஓட விட்டு, மேசை விளிம்பில் சற்று வெளியே நீட்டியபடி வைத்து, டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை அடியில் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொள்ளும் இடம் காற்றை உறிஞ்சும் இடம். தள்ளிப் பறந்தால் அது வெளியேற்றும் இடம். ஒட்டும் இடத்துக்கு நேர் கீழே பேடின் ஃபேன் வர வேண்டும், அதுவும் மேல்நோக்கி ஊத வேண்டும். காற்றைக் கீழ்நோக்கி இழுக்கும் பேடுகளும் உண்டு. அடியில் உறிஞ்சும் லேப்டாப்பை அவற்றின் மேல் வைத்தால் இரண்டு ஃபேன்களும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும்.

அடுத்தது உள்ளே நடப்பது. பிராசசரின் சூடு அதன் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் என்ற சூடு கடத்தும் பசை வழியாகச் செம்புக் குழாய்க்குப் போகிறது, அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்கு. உள் ஃபேன் அந்தத் தகடுகளின் இடுக்கில் காற்றைத் தள்ளி வெளியே விடுகிறது. கூலிங் பேட் செய்வதெல்லாம் அந்த உள் ஃபேனுக்குக் காற்று தாராளமாகக் கிடைக்க உதவுவதுதான். தகடுகளில் தூசி அடைத்திருந்தால், மூக்கடைத்தவன் முகத்துக்கு நேரே மின்விசிறி வைத்த மாதிரிதான். உங்கள் லேப்டாப்புக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. ஒரு முறையும் திறந்து சுத்தம் செய்யவில்லை என்றால் பேடை மறந்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். என்னுடையதைத் திறந்தபோது ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில் கம்பளித் துணி போல ஒரு தூசிப் படலம். சாலைப் புழுதி, தலையணைப் பஞ்சு, பூஜை அறை ஊதுபத்திப் புகை எல்லாம் சேர்ந்து படிந்தது. அதை எடுத்து, பேஸ்ட்டை மாற்றியதும் அதே ரெண்டருக்கு 98 இருந்தது 87க்கு வந்தது. எந்தப் பேடும் அந்தப் பதினொரு டிகிரியை எனக்குத் தந்திருக்காது. நீங்களே புளோயர் வைத்து ஊதுவதானால் உள் ஃபேனின் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். வாரண்டி மிச்சமிருந்தால் திறப்பதற்கு முன் விதிமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சுத்தம் செய்த பிறகு, பின்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அதிலேயே மூன்று டிகிரி குறைந்தது. மூடிக்குக் கொஞ்சமாவது பலன் தெரிந்தால் உங்கள் லேப்டாப்புக்கு அடியில் காற்று போதவில்லை என்று பொருள், பேட் உதவும். துளியும் மாறவில்லை என்றால் சாதாரணப் பேடில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இனி அந்த ஆறு ஃபேன் கதைக்கு வருகிறேன். எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். இப்படிப்பட்ட பேடுகள் லேப்டாப்பின் யுஎஸ்பி முனையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். சாதாரண யுஎஸ்பி 2.0 முனை தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். 3.0 என்றாலும் நாலரை வாட்தான். அதை ஆறு குட்டி ஃபேன்களும் விளக்குகளும் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும்? 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு இருந்தால் போதும். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே நிறையக் காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு. மேல்தட்டு முழுவதும் திறந்த உலோக வலையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ஃபேனுக்கு மேலேயே பிளாஸ்டிக் அலங்காரம் பாதி வழியை மறைத்துக்கொண்டிருக்கும். கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். பேடின் மேல் வைத்துப் பார்த்து, துளையும் ஃபேனும் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. சுற்றிலும் ஸ்பாஞ்ச் விளிம்பு வைத்து, லேப்டாப்பின் அடிப்பக்கத்தோடு ஒட்டி அடைத்துக்கொண்டு, தனி அடாப்டரில் ஓடும் புளோயர் பேட். காற்று பக்கவாட்டில் ஒழுகாமல் அழுத்தத்தோடு துளைக்குள்ளேயே போவதால் உண்மையான வித்தியாசம் தெரியும். இப்போது நான் ரெண்டருக்கு வைத்திருப்பது இதுதான், இன்னும் ஒன்பது டிகிரி குறைந்திருக்கிறது. ஆனால் விலை பல மடங்கு, முழு வேகத்தில் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாது, தூசியையும் அதே வேகத்தில் உள்ளே தள்ளும். அதனால் ஃபில்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கி மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். தினமும் மணிக்கணக்கில் விளையாடுபவர், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்பவர் என்றால் யோசிக்கலாம்.

மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். 2020இல் வந்த எம்1 முதல் அதில் உள் ஃபேனே கிடையாது, அடியில் துளையும் கிடையாது. அதற்கு நல்ல ஸ்டாண்ட் ஒன்று போதும்.

எந்தப் பேடாக இருந்தாலும் அறையில் இருக்கும் காற்றைத்தான் ஊதும். அறை 38 டிகிரி என்றால் ஊதுவதும் 38தான். ஜன்னலோரம் மேசையைப் போட்டு, முடிந்தால் மாலையில் விளையாடுங்கள். மெத்தை மேல் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். காசில்லாமல் செய்யக்கூடியது இன்னும் இரண்டு இருக்கின்றன: விளையாட்டில் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கை, 60க்குக் கட்டுப்படுத்துங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100இலிருந்து 99 ஆக்கினால் டர்போ எனும் கூடுதல் வேகம் நின்று சூடு சட்டென்று இறங்கும், கொஞ்சம் வேகம் குறையும். இவற்றைச் செய்து பார்த்து, அதே விளையாட்டை அதே அரை மணி நேரம் ஓட்டி, முன்னும் பின்னும் எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

கவிழ்த்துப் பார்க்கும்போது அடிமூடி லேசாகப் புடைத்திருக்கிறதா, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். என் மைத்துனர் லேப்டாப் ஆடுகிறது, பேட் சரியில்லை என்று கொண்டுவந்தார். பார்த்தால் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் சார்ஜ் போடாமல் அணைத்து வைத்து, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பேடுக்கு எடுத்துவைத்த காசு புதுப் பேட்டரிக்குப் போகட்டும்.