மகள் சொன்ன விக்கிரகம்

கேள்வி: உருவ வழிபாடு கூடாது என்பதற்காக இயேசுவின் படத்தைக்கூட நான் வீட்டில் மாட்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளோ, "கணக்கு நோட்டோடு வானத்தில் உட்கார்ந்திருக்கும் கோபக்காரத் தாத்தாவைத்தானே நீ கும்பிடுகிறாய்? அதுவும் விக்கிரகம்தான் அம்மா" என்கிறாள். இரண்டு நாளாக எனக்கு ஜெபமே வரவில்லை. அவள் விசுவாசத்தை விட்டு விலகுகிறாளா?

பதில்: மகளுக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் விலகிப் போகிறவள் விக்கிரகத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதித்தபோது இஸ்ரவேல் மக்கள் வார்த்துக்கொண்ட பொன் கன்றுக்குட்டி என்றதும் ஏதோ அந்நிய தெய்வம் என்று நினைத்துக்கொள்கிறோம். மோசேயின் அண்ணன் ஆரோனோ அதற்கு முன்பாகப் பலிபீடம் கட்டி, "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் கூறினான். பெயரெல்லாம் சரியான பெயர்தான்! காணமுடியாதவரைக் கைக்கு அடக்கமாகச் செய்துகொண்டார்களே, பிழை அங்கே இருக்கிறது. அதற்குப் பொன் வேண்டியதில்லை, நினைப்பே போதும்.

வெண்கலச் சர்ப்பத்தின் கதை இன்னும் கூர்மையானது. மோசே அதைக் கர்த்தர் சொல்லித்தான் செய்தார். பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பிற்காலத்தில் மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கியதும், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). உங்கள் கணக்கு நோட்டுக் கடவுளும் ஒரு காலத்தில் உங்களைப் பொய்யிலிருந்தும் களவிலிருந்தும் காத்திருக்கலாம். அதற்காக அவரை நீங்கள் வெறுக்க வேண்டாம். இன்றும் அவரையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

படம் மாட்டுகிற சபைகளும் 787ஆம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கத்தில் வணக்கம் வேறு, ஆராதனை வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கின்றன. ஆகவே சுவரைப் பார்த்து யாருடைய பக்தியையும் அளக்காதீர்கள்.

மகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். எதற்கும் கோபப்படாத, நம்மிடம் எதையும் கேட்காத கடவுள் ஒருவரை இந்தக் காலம் வார்த்து வைத்திருக்கிறது. எளியவன் நசுக்கப்படும்போதும் கோபம் வராத அந்தக் கடவுள் யாருடைய வசதிக்கு?

மனதில் எந்தச் சித்திரமும் இல்லாமல் ஜெபிக்க நம்மால் முடியுமா, எனக்குச் சந்தேகம்தான். வேதமே அதைக் கேட்கவில்லை. மேய்ப்பன், கன்மலை, குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழி என்று அது மாற்றி மாற்றிக் காட்டுகிறது. எந்த ஒன்றும் உறைந்துபோக விடுவதில்லை.

இன்றிரவு ஏசாயா 66:13ஐ மகளை வாசிக்கச் சொல்லுங்கள். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்கிறார் கர்த்தர். அப்போதும் ஜெபம் வராவிட்டால் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.