கேமரா கேள்வி பதில்

கேள்வி: புகைப்படத்தில் உங்களுக்கு ஆர்வம் வந்தது எப்படி? (வாசகி, தேனி)

பதில்: ஆர்வமா? கோபம்தான். அப்பத்தா இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒன்று இருந்தது. ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, மூக்குத்தியை அழித்து, முகச்சுருக்கத்தை வழித்து, யாரோ ஒரு பாட்டியாக்கிக் கொடுத்தார்.

அப்புறம்தான் பழைய யாஷிகா ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். ரோலுக்கு 36 படம். கோயில், தேர் என்று வீணாக்கவில்லை. தெருக் கிழவிகளைத் திண்ணையில் உட்காரவைத்து, பக்கவாட்டுச் சாயங்கால வெயிலில் எடுத்தேன். அதில்தான் சுருக்கமும் காதில் தொங்கும் பாம்படமும் துல்லியமாக விழும். “சாவுக்கா எடுக்கிற?” என்பார்கள். ஆமாம் என்றா சொல்வது? பேரனுக்கு அனுப்ப என்பேன்.

இன்றும் கல்யாண வீட்டில் முதலில் கிழவிகளைத்தான் தேடுவேன். மணமக்களை எடுக்கத்தான் ஆயிரம் செல்போன் இருக்கிறதே!