எலும்பில் டி.என்.ஏ. கிடைக்கவில்லை, புரதத்தைத் தேடலாமா?

கேள்வி: நான் தொல்லியல் முதுகலை மாணவி. எங்கள் அகழாய்வுக் குழியில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளும் சில பற்களும் கிடைத்தன. எல்லாம் நொறுங்கியிருப்பதால் எந்த விலங்கு என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. டி.என்.ஏ. முயற்சியும் பலிக்கவில்லை. புரத ஆய்வுக்கு அனுப்பினால் என்ன தெரியவரும்? வயதும் தெரியுமா?

பதில்: அனுப்பலாம். அதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகளை யாராவது பசை வைத்து ஒட்டினார்களா? விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம்தான். எலும்பில் நாம் தேடுவதும் அதே கொலாஜன். மாட்டுப் பசை தடவிய மான் எலும்பை ஆய்வுக்கு அனுப்பினால் 'மாடு' என்று விடை வரக்கூடும். நேற்று தோண்டிய எலும்பில் இந்தச் சிக்கல் குறைவு. பழைய சேகரிப்பில் இருந்து எடுத்ததென்றால் பதிவேட்டைப் புரட்டியே ஆக வேண்டும்.

டி.என்.ஏ. அழிந்த எலும்பிலும் கொலாஜன் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு அதற்கு. சுற்றிலும் தாதுப்பொருள் காவல். வெப்பம்தான் அதன் எதிரி. தீயில் வெந்து வெளுத்த துண்டுகளை இப்போதே ஒதுக்கிவிடுங்கள், காசு மிச்சம்.

ஆய்வுக்குச் சில மில்லிகிராம் முதல் இருபது மில்லிகிராம் வரை போதும். அமிலத்தில் தாதுவைக் கரைத்து, கொலாஜனைப் பிரித்து, டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுவார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றை அடுத்துத்தான் அந்த நொதி வெட்டும். அந்தக் கோவை விலங்குக்கு விலங்கு சற்று மாறுவதால், ஒவ்வொரு விலங்கு வகையின் கொலாஜனும் தனக்கே உரிய எடையுள்ள துணுக்குகளாக உடையும். அந்த எடைகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளக்கிறது. எலும்பைக் கையில் வைத்துப் பார்ப்பவர்களையே திணறடிக்கும் செம்மறி–வெள்ளாடு வேறுபாடும் இதில் பிடிபடும்.

எல்லை உண்டு. இன்றைய மனிதரா, அழிந்துபோன மனித இனவகையான நியாண்டர்தாலா என்று இந்த முறை பிரிக்காது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் அடையாளம் தெரியாத 2,300-க்கும் மேற்பட்ட துண்டுகளை இப்படிச் சலித்தபோது, மனித இனவகையைச் சேர்ந்த ஒரே ஒரு சிறு துண்டு சிக்கியது; 2016-இல் அதை அறிவித்தார்கள். அது நியாண்டர்தால் தாய்க்கும், அழிந்துபோன இன்னொரு மனித இனவகையான டெனிசோவன் தந்தைக்கும் பிறந்த பெண் என்பதை 2018-இல் சொன்னது டி.என்.ஏ. புரதம் சல்லடையாக மட்டுமே இருந்தது. ஆனால் அந்தச் சல்லடை இல்லாமல் அந்தத் துண்டு இன்னும் பையிலேயே கிடந்திருக்கும்.

பற்களை வேறாக வையுங்கள். பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் புரதம் மிகக் குறைவு, இருப்பது நெடுங்காலம் நிற்கும். ஜார்ஜியாவின் துமானிசியில் கிடைத்த காண்டாமிருகப் பல்லில் 17.7 லட்சம் ஆண்டுகள் பழைய புரதத்தைப் படித்திருக்கிறார்கள். மனிதப் பல் என்றால் ஆணா பெண்ணா என்றும் கேட்கலாம். அமெலோஜெனின் என்ற எனாமல் புரதம் எக்ஸ், ஒய் இரு குரோமோசோம்களிலிருந்தும் வருகிறது, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இத்தாலியின் மொதெனாவில் 2009-இல் கைகோத்தபடி கிடைத்த இரு எலும்புக்கூடுகளை 'காதலர்கள்' என்றே அழைத்து வந்தார்கள், ஆணும் பெண்ணும் என்ற நினைப்பில். 2019-இல் எனாமலைச் சோதித்தால் இருவருமே ஆண்கள். இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது: ஒய் வகை கிடைத்தால் ஆண் என்று உறுதியாகச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் பெண்ணாகவும் இருக்கலாம், புரதம் சிதைந்து போனதாகவும் இருக்கலாம். 'ஒய் இல்லை, ஆகவே பெண்' என்று ஒரே வரியில் முடிக்கும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்; எக்ஸ் வகை எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள்.

மனிதப் பற்களைத் தயவுசெய்து பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கு என்று நீங்கள் நினைக்கும், பல்லில் படிந்து இறுகிய பற்காறையில் பாலின் பீட்டா-லாக்டோகுளோபுலின் புரதம் சிக்கியிருக்கலாம். பால் குடித்ததற்கு அது நேரடிச் சான்று. தாய்ப்பாலில் அது கிடையாது என்பதால் விலங்கின் பால் என்பதிலும் குழப்பமில்லை.

வயது? இந்த ஆய்வு ஆண்டுக் கணக்கைத் தராது. குளூட்டமின் போன்ற அமினோ அமிலங்கள் காலப்போக்கில் மாறுவதைப் பார்த்து, புரதம் பழையதா, இன்றைய கலப்பா என்று ஊகிக்கலாம். ஆனால் வெப்பமும் ஈரமும் அந்த வேகத்தை மாற்றிவிடுவதால் அது கடிகாரமாகாது. எலும்பின் வயதைச் சொல்லும் கார்பன்-14 கணிப்பும் பெரும்பாலும் இதே கொலாஜனில்தான் நடக்கிறது. முதலில் புரதச் சோதனை, அதில் தேறியதைக் கார்பனுக்கு அனுப்புவது என்ற வரிசையே சிக்கனம்.

எடுக்கும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். லேடெக்ஸ் உறையிலேயே புரதம் இருக்கிறது. கம்பளி ஆடை வேண்டாம், அதன் கெரட்டின் என்ற புரதம் எங்கும் ஒட்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பக்கத்து மண்ணிலும் ஒரு பிடி தனியே எடுத்து வையுங்கள், ஒப்பிட உதவும். எடுத்த துணுக்கு திரும்பாது. ஆகவே படமும் அளவும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

முந்நூறையும் ஒரே தடவையில் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும் நாலைந்து துண்டுகள் போதும். எந்த அடுக்கில் கொலாஜன் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தபின் மற்றதை முடிவு செய்யலாம்.