215 மணி நேரத்திலிருந்து சீனியாரிட்டிப் பட்டியலின் கடைசி வரி வரை

அன்புள்ள தம்பிக்கு,

மனைவி வழியாகக் கிரீன் கார்டு கிடைத்துச் சென்ற மாதம் டாலஸ் வந்து சேர்ந்ததாகவும், கோவையில் பி.இ. முடித்தபின் இந்தியாவிலேயே எடுத்த கமர்ஷியல் பைலட் லைசென்சும் 215 மணி நேரப் பறப்பும் கையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 31 வயதில், பெரிய நிறுவனங்களின் பெயரில் சிறு ஜெட்டுகளை இயக்கும் இங்குள்ள ரீஜனல் விமான நிறுவனத்தில் நேரடியாகச் சேர முடியுமா, கேப்டன் ஆக எத்தனை ஆண்டுகள் ஆகும், எந்த நிறுவனம் நல்ல நிறுவனம் என்பவை உங்கள் கேள்விகள். இதே வழியில் வந்து இப்போது ஈ175 என்ற சிறு ஜெட்டில் கேப்டனுக்குரிய இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை, முடியாது என்பதுதான். இந்தியாவில் 200 மணி நேரத்தோடு ஏ320 டைப் ரேட்டிங்கையும் (அந்த விமான வகைக்கான தனித் தகுதி) முடித்தவர் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, அமரலாம்; அமெரிக்காவில் அட்டவணைப்படி இயங்கும் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருப்பவருக்கும் ஏ.டி.பி. எனப்படும் உயர்நிலை விமானிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் 3407 விமானம் பஃபலோ அருகே ஒரு வீட்டின்மேல் விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தனர். அதன் விளைவாக 2010-இல் சட்டம் வந்தது, 2013 ஆகஸ்ட் முதல் விதி நடைமுறையானது. அந்த விமானத்தின் இரு விமானிகளுக்குமே 1,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதால் இந்த எண் சரியான மருந்துதானா என்ற வாதம் காக்பிட்டுகளில் இன்றும் ஓயவில்லை. ஆனால் வாதத்தில் வென்று யாரும் வேலை வாங்கியதில்லை. இங்கே விமானத் துறைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 மணி நேரம் போதும் என்று ஒரு சலுகை உண்டு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த கல்லூரியில் படித்து அங்கேயே பறக்கவும் பயின்றவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால் கோவைப் பட்டத்தை அங்கே நீட்டிப் பயனில்லை.

உங்கள் 215 மணி நேரம் வீணாகாது. லாக்புக்கில், அதாவது பறப்புப் பதிவேட்டில், ஒழுங்காக இருந்தால் எஃப்.ஏ.ஏ. அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்திய லைசென்சைக் காட்டி இங்கே நேரடியாகக் கிடைப்பது பிரைவேட் அளவிலான சான்றிதழ் மட்டுமே. கமர்ஷியலுக்கு எழுத்துத் தேர்வையும் செக்ரைட் எனும் பறப்புத் தேர்வையும் புதிதாகவே முடிக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் நீங்கள் குடிமகன் அல்லர் என்பதால், இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), மல்டி எஞ்சின் போன்ற பயிற்சிகளைத் தொடங்கும் முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.வின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். இங்கே மாணவர் விசாவில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் கடைசியில் தடுக்கி விழுவது வேலை செய்யும் உரிமையில்தான். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

மீதி 1,285 மணி நேரத்தைச் சேர்க்கப் பெரும்பாலோர் போகும் வழி பயிற்றுநர் வேலை, அதாவது சி.எஃப்.ஐ. நான் டெக்சஸில் அதைச் செய்தபோது கோடையில் பிற்பகலுக்குள் காற்று கொதித்து விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும் என்பதால் விடியும் முன்பே தொடங்குவோம். டார்ச் வெளிச்சத்தில் செஸ்னா 172-இன் இறக்கைக்குக் கீழே குனிந்து, பெட்ரோலைச் சிறு குப்பியில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று மாணவனுக்குக் காட்டுவேன்; கையில் படிந்த அந்த வாடை மதியச் சாப்பாடு வரை போகாது. ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து கற்பிக்கச் சட்டம் இடம் தராது, மழை வந்தால் சம்பளமும் வராது. எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் மாணவன் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் தவறு செய்யும்போது கையை எப்போது நீட்டுவது, எப்போது அடக்கிக்கொள்வது என்று அங்கே கற்றதைத்தான் இன்றும் கேப்டனாகத் தினமும் பயன்படுத்துகிறேன். அதனால் குறுக்குவழி தேடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பழைய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். 2010-களின் தொடக்கத்தில் புதிய ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணிக்கு 20, 25 டாலர்தான் கிடைத்தது. 2022 ஜூனில், விமானிகள் பற்றாக்குறையால், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்துக்குச் சொந்தமான ரீஜனல்கள் முதலாண்டிலேயே மணிக்கு 90 டாலர் என்றன, மற்றவையும் பின்தொடர்ந்தன. அந்த மணி, விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்பது வரைதான்; இடையில் விமான நிலையத்தில் காத்திருப்பது கணக்கில் வராது. ஆள் எடுப்பு அலையலையாக வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 2022-இல் 1,500 மணி நேரத்தை எட்டியவரைக் கதவருகே நின்று வரவேற்றார்கள். 2024-இல் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பைக் குறைத்ததும் அதே மணி நேரத்தோடு பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

எது நல்ல நிறுவனம் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் உங்கள் திறமை, பட்டம், முந்தைய அனுபவம் எல்லாவற்றையும்விட நீங்கள் சேர்ந்த தேதிதான் பேசும். சீனியாரிட்டி எண் ஒன்று தருவார்கள். எந்த ஊரில் பேஸ் (பணி தொடங்கும் விமான நிலையம்), எந்த மாதம் விடுமுறை, பொங்கலன்று வீட்டில் இருப்பீர்களா, எப்போது கேப்டன், எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்யும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதை வைத்தோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வைத்தோ வரிசைப்படுத்துவார்கள். (வயதை வைத்தால் மூத்தவர் முன்னே என்பதால் 31 உங்களுக்கு லாபம்தான்.) நிறுவனம் மாறினால் அந்த எண் உங்களோடு வராது.

நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றவன். முதலில் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சேர்ப்பு போனஸ் பெரிதாக இருந்தது, அதைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். பேஸ் கிடைத்த ஊருக்கு வீட்டிலிருந்து இரண்டு விமானம் மாறிப் போக வேண்டும். புதியவன் என்பதால் ரிசர்வ், அதாவது அழைப்புக்குக் காத்திருக்கும் பணி. எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் க்ராஷ்பேட் எனும் பகிர்வு அறையில், தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டு, அழைத்தால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அங்கே எனக்குத் துணை ஒரு ரைஸ் குக்கரும் அம்மா அனுப்பிய பருப்புப் பொடி டப்பாவும்தான். பதினான்கு மாதத்தில் தாங்க முடியாமல் டாலஸில் பேஸ் உள்ள வேறு நிறுவனத்துக்கு மாறினேன். போனஸில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டியதைவிட, பட்டியலின் கடைசி வரிக்கு மீண்டும் போனதுதான் வலித்தது. என்னோடு முதல் நாள் வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அங்கேயே இருந்து, எனக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கேப்டன் ஆனார்.

ஆகவே போனஸைப் பார்க்காமல், உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் பேஸ் உண்டா, இளையவர்களுக்கு அது கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அங்கிருந்து மேலே போகும் வழியைப் பாருங்கள். ரீஜனல்கள் பறப்பது பெரிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கிய சிறு ஜெட்டுகளை. பெரிய நிறுவன விமானிகளின் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் அவற்றுக்கு 76 இருக்கை என்று வரம்பு கட்டியிருப்பதால், எத்தனை ஆண்டு இருந்தாலும் அங்கே அதைவிடப் பெரிய விமானம் கிடைக்காது. வளர வேண்டுமானால் வெளியேறித்தான் ஆக வேண்டும். அமெரிக்கன் குழுமத்துக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. மூன்றிலிருந்தும் சீனியாரிட்டிப்படி அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குப் போக ஒப்பந்த வழி உண்டு. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்றவை எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் சொந்தமல்லாதவை; அங்கே மேலே போக என்ன வழி என்று தனியே விசாரியுங்கள்.

கேப்டன் ஆக, இத்தகைய நிறுவனப் பறப்பில் 1,000 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது விதி. ரிசர்வில் மாதம் 40 மணி நேரம்கூடக் கிடைக்காத காலம் உண்டு என்பதால், கேப்டன்களுக்குப் பஞ்சம் இருக்கும் நிறுவனத்திலும் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் என்று வையுங்கள். மணி சேர்க்க இரண்டரை, கேப்டன் ஆக மூன்று, பெரிய நிறுவனத்துக்குள் நுழைய இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் என்றால் உங்களுக்கு 40 வயதை ஒட்டியிருக்கும். ஓய்வு வயது 65. தாமதம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். நிறப்பார்வையிலோ இதயத்திலோ குறை இருந்தால் அப்போதே தெரியட்டும். ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால், உங்கள் பறப்புப் பள்ளியில் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கக் கூட்டுத்தொகைக்கும் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வரச் சொல்லுங்கள். என் நேர்காணலில் எதிரே இருந்த அம்மையார் கால்குலேட்டரோடு பக்கம் பக்கமாகப் புரட்டி, 1.2 மணி நேரம் இரண்டு முறை ஏறியிருந்த ஒரு வரியில் விரலை வைத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.