யாருக்குச் சலுகை?

கேள்வி: சின்னக் குற்றங்களுக்குச் சிறை வேண்டாம், சமூக சேவை போதும் என்கிறார்களே, இது குற்றவாளிக்குச் சலுகை இல்லையா? பாதிக்கப்பட்டவர் கதி என்ன?

பதில்: இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன். திருடியவனை மூன்று மாதம் உள்ளே வைத்ததில் பறிகொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? பொருளும் வரவில்லை, ஒரு மன்னிப்பும் வரவில்லை. அவனோ வேலையை இழந்து, உள்ளே பிடித்த புதுச் சகவாசத்தோடு வெளியே வருகிறான். நஷ்ட ஈடு கொடு என்றால் எதிலிருந்து கொடுப்பான்?

1974-இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளை நாசம் செய்தார்கள். டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களை இவர்கள் நேரில் சந்திக்கட்டும் என்று நன்னடத்தை அலுவலர் ஒருவர் யோசனை சொன்னார், நீதிபதியும் சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். செய்தது தாங்கள்தான் என்று சொல்லி, எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார்கள். சில மாதங்களில் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதையா சலுகை என்கிறீர்கள்? அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அந்த வாசல்களில் நிற்பது கடினம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று, பாதிக்கப்பட்டவர் விரும்பாவிட்டால் இப்படிச் சந்திக்க வைக்கவே கூடாது.

வேறு வழிகளும் உண்டு. பிரிட்டனில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 40 முதல் 240 மணி நேரம் வரை சம்பளமில்லாத பொதுவேலையைத் தண்டனையாக்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் செய்யலாம். ஏமாற்றினால் மறுபடி நீதிமன்றம். ஃபின்லாந்தில் 1921 முதல் அபராதத் தொகையை வருமானத்தைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். பணக்காரர் சில்லறையை வீசிவிட்டுப் போக முடியாது.

வெளியே விட்டால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவரைப் பற்றி நான் பேசவில்லை. அவருக்குச் சிறைதான். சரி, எனக்கு என்ன பயம் தெரியுமா? எச்சரித்து அனுப்பியிருக்க வேண்டியவர்கள் மேல் இந்தத் தண்டனைகளைச் சுமத்திவிட்டு, சிறைக்குப் போகிறவர்களை வழக்கம்போல அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பல நாடுகளில் நடந்ததுதான். இன்னொன்று, கண்காணிக்க அலுவலர்களே இல்லாமல் சட்டத்தை மட்டும் போடுவது. அப்போது யாரும் சேவை செய்யப் போவதில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் இருக்காது. அப்படி நடந்தால், சலுகை என்று நீங்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்வேன்.