கேளுங்க, சொல்றேன்: எஃப்-1 விசா, வேலை, கிரெடிட்

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல நெறைய அமெரிக்காவுல எஃப்-1ங்கற மாணவர் விசாவுல எம்எஸ் (மாஸ்டர்ஸ்) படிக்கற புள்ளைங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் அனுப்பினதுதான், அதனால வேற விஷயம் எதையும் எடுக்கல.

*லைப்ரரில வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை பாக்கறேன். இப்ப டைனிங் ஹால்லயும் 12 மணி நேரம் குடுக்கறாங்க. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா 20 மணி நேரம்னு ரூம்மேட் சொல்றான், சரியா? – டெக்சஸ்லருந்து ஒரு மாணவர்*

இல்ல தம்பி. கிளாஸ் நடக்கற காலத்துல எல்லா கேம்பஸ் வேலையும் சேத்துதான் 20. இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14, சராசரி 20 வந்துடுச்சேன்னும் சொல்ல முடியாது, வாரா வாரம் தனிக்கணக்கு. சம்மர் லீவுலயும் குளிர்கால லீவுலயும் ஃபுல் டைம் பாக்கலாம், ஆனா அடுத்த செமஸ்டருக்கு படிக்க வர்றவனா இருக்கணும். டைனிங் ஹால்ல 8 மணி நேரம் மட்டும் வாங்கிக்கோ.

*9 கிரெடிட் (பாட அளவு) எடுத்தேன், ஒரு சப்ஜெக்ட்ல மிட்டெர்ம் மோசமா போச்சு. ஜிபிஏ (சராசரி மார்க்) விழாம இருக்க ட்ராப் பண்ணிட்டு அப்பறமா இன்டர்நேஷனல் ஆபீஸ்ல சொல்லிக்கலாமா? – ஒஹையோலருந்து ஒரு மாணவி*

வேண்டாம்மா, "அப்பறமா"ங்கறதுதான் இதுல ஆபத்தே. நீ போர்ட்டல்ல ட்ராப் பட்டன அமுக்கின உடனே உன் காலேஜ் ஃபுல் டைம்னு வச்சிருக்கற அளவுக்கு கீழ போயிடுவ (மாஸ்டர்ஸ்க்கு அந்த அளவ காலேஜே முடிவு பண்ணும், நெறைய எடத்துல 9), முன்கூட்டி அனுமதி இல்லாம கீழ போனா செவிஸ்ல (வெளிநாட்டு மாணவருங்க விவரத்த வச்சிருக்கற அமெரிக்க அரசு கம்ப்யூட்டர் பதிவு) உன் ரெக்கார்டு டெர்மினேட் ஆகும். மொதல்ல டிஎஸ்ஓவ (வெளிநாட்டு மாணவருங்க விஷயத்த பாக்கற காலேஜ் அதிகாரி) போய்ப் பாரு, அவங்க ரெட்யூஸ்ட் கோர்ஸ் லோடு (கம்மி கிரெடிட் எடுக்கறதுக்கான) அனுமதிய செவிஸ்ல ஏத்தினதுக்கு அப்பறம் ட்ராப் பண்ணு. மார்க் கம்மிங்கறது மட்டும் காரணமா ஆகாது. ஆரம்பத்துல இங்கிலீஷோ அதிகமான வாசிப்போ கஷ்டமா இருக்கு, அமெரிக்கப் பாடமுறை பழகல, தப்பான லெவல் கோர்ஸ்ல சேந்துட்டேன், இந்த மாதிரி காரணத்துக்குதான் குடுப்பாங்க, அதுவும் ஒரு டிகிரி லெவலுக்கு ஒரு தடவைதான், பாதி கிரெடிட்டாவது கையில இருக்கணும், அடுத்த செமஸ்டர் திரும்ப ஃபுல் லோடு. உடம்போ மனசோ சரியில்லன்னா டாக்டர் லெட்டரோட மொத்தம் 12 மாசம் வரைக்கும் கொறைக்கலாம், தேவைப்பட்டா ஒரு கிரெடிட்கூட எடுக்காம இருக்கலாம். ராத்திரி தூக்கமில்லாம அழுதுட்டு இருக்கற புள்ளைங்களுக்கு இந்த வழி இருக்கறதே தெரியல, அதனாலதான் அழுத்தி சொல்றேன். அப்பறம் ஆன்லைன் கிளாஸ எவ்வளவு எடுத்தாலும் ஃபுல் டைம் கணக்குல ஒண்ணுதான், அதாவது 3 கிரெடிட்தான் சேரும்.

*பேங்க்ல லோன் போட்டு பையன அனுப்பினேன். கூட இருக்கற பசங்க பெட்ரோல் பங்க்லயும் ஓட்டல்லயும் கையில காசு வாங்கிட்டு வேலை பாக்கறாங்களாம். இவனும் போகட்டுமான்னு கேக்கறான், எல்லாரும்தானே போறாங்க? – நாமக்கல்லருந்து ஒரு அப்பா*

ஐயா, தயவு செஞ்சு போக வேண்டாம்னு சொல்லுங்க. கிரெடிட் கொறைஞ்சு ஸ்டேட்டஸ் (சட்டப்படி மாணவரா இருக்கற தகுதி) போனாகூட, தன் கைய மீறின காரணத்த காட்டி 5 மாசத்துக்குள்ள ரீஇன்ஸ்டேட்மென்ட் (அந்த தகுதிய திரும்பக் குடுங்கன்னு) கேக்க ஒரு கதவு இருக்கு, ஆனா அனுமதி இல்லாம வேலை பாத்தவங்களுக்கு அந்தக் கதவே கெடையாது. பின்னாடி கிரீன் கார்டு ஃபார்ம்ல அனுமதியில்லாம வேலை பாத்தியான்னு நேரடியா கேள்வி இருக்கு, ஆமான்னா சிக்கல், இல்லைன்னு பொய் எழுதினா அத விட பெரிய சிக்கல். ஃபுட் டெலிவரி ஆப், டாக்ஸி ஆப்லாமும் இதே கணக்குதான், வெப்சைட் செஞ்சு குடுத்து காசு வாங்கினாலும் அதேதான். கையில காசு குடுக்கற ஓனர் சம்பளத்த புடிச்சு வச்சா பையன் பயத்துல யார்கிட்டயும் போய் சொல்ல மாட்டான், அவங்களுக்கும் அது தெரியும்.

அதுக்குப் பதிலா டிபார்ட்மென்ட்ல கிரேடர் வேலை (பேப்பர் திருத்தறது), டிஏ (பாடம் நடத்த உதவறது), ஆர்ஏ (ஆராய்ச்சிக்கு உதவறது) இதெல்லாம் ப்ரொஃபசர்கிட்ட நேர்ல போய் கேக்க சொல்லுங்க, ஒருத்தர் இல்லைன்னா அடுத்தவர். ஒரு கல்வி வருஷம் முடிஞ்சிருந்தா பணக் கஷ்டத்துக்குன்னே வெளி வேலைக்கு அனுமதி கேக்கற வழியும் சட்டத்துல இருக்கு. எதிர்பாக்காத கஷ்டமா இருக்கணும்: அசிஸ்டன்ட்ஷிப் போயிடுச்சு, அப்பாவோட வருமானம் நின்னு போச்சு, ஆஸ்பத்திரி செலவு வந்துடுச்சு, ரூபா மதிப்பு பெருசா விழுந்துடுச்சு, இதெல்லாம் அதுல வரும். டிஎஸ்ஓ பரிந்துரையோட ஐ-765 ஃபார்ம் போட்டு, வேலை அனுமதி கார்டு கைக்கு வந்தப்பறம்தான் வேலை, அதுவும் கிளாஸ் காலத்துல 20 மணி நேரம்தான்.

இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க. "வட்டி ஏறிட்டே போகுதுடா"ன்னு ஃபோன்ல தெனமும் சொன்னா அவன் அந்த பெட்ரோல் பங்க்குக்குதான் போவான். படிப்பு முடியற வரைக்கும் அந்தப் பேச்ச நீங்க தாங்கிக்கோங்க, பேங்க்ல போய் தவணை தள்ளி வைக்க முடியுமான்னு கேளுங்க.

*சேந்த மொத நாள்லருந்தே சிபிடி (படிக்கும்போதே பாடத்தோட பாகமா வெளிய வேலை பாக்கற அனுமதி) தர்றோம்னு ஒரு காலேஜ் ஏஜென்ட் சொல்றாரு, நம்பலாமா? – ஹைதராபாத்ல வேலை பாக்கற ஒரு வாசகர்*

பொதுவா ஒரு கல்வி வருஷம் முடிஞ்சாதான் சிபிடி. மாஸ்டர்ஸ் பாடத்திட்டமே உடனே ட்ரெயினிங் போகணும்னு கட்டாயப்படுத்தினா மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்க வச்சு கடை விரிக்கற எடங்களும் இருக்கு. கிளாஸ் நெஜமா நடக்குதா, சொல்லித்தர யாரு, இத மட்டும் விசாரிங்க. மிச்சிகன்ல ஃபார்மிங்டன் யூனிவர்சிட்டின்னு ஒண்ணு, கிளாஸும் கெடையாது வாத்தியாரும் கெடையாது, அத நடத்தினதே அமெரிக்க குடியேற்றத் துறைதான்னு 2019-ல வெளிய வந்துச்சு, அதுல 600 பேருக்கு மேல சேந்திருந்தாங்க, பெரும்பாலும் இந்தியப் புள்ளைங்க. அப்பறம் ஃபுல் டைம் சிபிடி 12 மாசம் பாத்துட்டா அந்த டிகிரி லெவலுக்கு ஓபிடி (படிப்பு சம்பந்தமா, பெரும்பாலும் படிச்சு முடிச்சப்பறம், வேலை பாக்கற அனுமதி) கெடையாது, ஏஜென்ட் இத சொல்லியிருக்க மாட்டாரு.

*ஓபிடி ஆரம்பிச்சு 71 நாள் ஆச்சு, வேலை கெடைக்கல. நெஞ்சு படபடங்குது. – நியூ ஜெர்சிலருந்து ஒருத்தர்*

ஓபிடில வேலை இல்லாம இருக்க உங்களுக்கு இருக்கறது மொத்தம் 90 நாள், சனி ஞாயிறும் சேத்துதான், ஆக மிச்சம் 19. ஆனா இந்த மொத 12 மாச ஓபிடில சம்பளம் இல்லாத வேலையும் கணக்குல வரும், உங்க படிப்போட சம்பந்தப்பட்டதா, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு கொறையாம, தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்டதா இருந்தா போதும். உங்க ப்ரொஃபசர் லேப்ல இன்னைக்கே போய் கேளுங்க, தொண்டு நிறுவனங்கள்ல டேட்டா வேலை இருக்கான்னு பாருங்க, கெடைச்சா லெட்டர் வாங்கி வச்சிட்டு 10 நாளுக்குள்ள செவிப் போர்ட்டல்ல (ஓபிடில இருக்கறவங்க வேலை விவரத்த பதியற அரசு வெப்சைட்) ஏத்திடுங்க. வேலை பாத்துக்கிட்டே போர்ட்டல்ல ஏத்தாம விட்டா அங்க நாள் ஓடிட்டேதான் இருக்கும். ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) படிப்புன்னா பின்னாடி 24 மாச நீட்டிப்பு இருக்கு, அதுக்கு சம்பளம் குடுக்கற, இ-வெரிஃபைல (வேலை பாக்கறவங்க அனுமதிய சரிபாக்கற அரசு ஆன்லைன் ஏற்பாடு) இருக்கற கம்பெனியும் ஐ-983 ட்ரெயினிங் ப்ளானும் வேணும், ஓபிடி முடியற தேதிக்கு முன்னாடியே அப்ளிகேஷன் போயிருக்கணும். அத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல லேப்ல போய் கேட்டுட்டு என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.