Re: மோசே கர்த்தரின் முகத்தைப் பார்த்தாரா, இல்லையா?

சகோதரரே, யாத்திராகமம் 33:11 "முகமுகமாய்ப் பேசினார்" என்கிறது, 33:20 "நீ என் முகத்தைக் காணமாட்டாய்" என்கிறது. வேதபாட வகுப்பில் இதை எப்படி விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் உபாகமம் 5:4-ஐ வாசியுங்கள். அங்கே ஜனங்கள் எல்லாரோடும் கர்த்தர் "முகமுகமாய்" பேசினதாக இருக்கிறது. ஆனால் அதே சம்பவத்தைப் பற்றி 4:12, சத்தத்தைக் கேட்டார்களே தவிர ஒரு ரூபத்தையும் காணவில்லை என்கிறது. ஆக, "முகமுகமாய்" என்பது இடையில் ஆள் இல்லாமல் நேரே பேசுவது. கண்ணால் பார்த்த கணக்கு அல்ல. யாத்திராகமம் 33:9-லும் கர்த்தர் மோசேயோடே பேசும்போது கூடாரவாசலில் நிற்பது மேகஸ்தம்பம்தான்.

20-ஆம் வசனம் வேறு விஷயம். 18-இல் மோசே கேட்பது மகிமையை. எபிரெயத்தில் 'காவோத்', அதன் வேர் பாரத்தைக் குறிப்பது. அந்தப் பாரத்தை மனுஷன் தாங்கமாட்டான். அதனால்தான் கர்த்தர் மோசேயைக் கன்மலை வெடிப்பில் வைத்து, தாம் கடந்துபோகும்வரை கரத்தால் மூடி, தம் பின்பக்கத்தை மட்டும் காணவிடுகிறார்.

பலர் 33-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் பாடம் பாதியில் அறுந்துபோகும். 34:6 வரை போங்கள். மகிமையைக் கேட்டவனுக்குக் கிடைத்தது ஒரு நாமம்: இரக்கம், கிருபை, நீடிய சாந்தம். அதுவும் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய விவகாரம் முடிந்த கையோடு! 7-ஆம் வசனத்தின் கண்டிப்பான பகுதியை, அதாவது குற்றவாளியைத் தண்டியாமல் விடமாட்டார் என்பதை, மட்டும் விட்டுவிடாதீர்கள், வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.